பாலத்து ஏற்றத்தில் திணறும் டர்போ டீசல்

கேள்வி: என்னிடம் 20 ஆண்டுகளுக்கு மேலான டர்போ டீசல் கார் ஒன்று இருக்கிறது. சமதளத்தில் ஓரளவு ஓடினாலும், நான்கு பேரோடு பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறும்போது இழுவை குறைந்து கரும்புகை தள்ளுகிறது. ஆக்சுவேட்டர் ராடைச் சற்றுக் குட்டையாக்கிப் பூஸ்ட்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: இப்போது வேண்டாம். என்ஜினின் புகையால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ, அந்த அழுத்தம்தான் பூஸ்ட். பூஸ்ட் அளவை எட்டியதும் புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். பூஸ்ட் அழுத்தத்தால் நகர்ந்து அந்தக் கதவைத் திறக்கும் கம்பிதான் ஆக்சுவேட்டர் ராடு, அதைக் குட்டையாக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும். கரும்புகை என்பது ஊற்றுகிற டீசலுக்கு ஏற்ற காற்று என்ஜினுக்குள் போகவில்லை என்பதற்கான அடையாளம். அந்தக் காற்று எங்கே தொலைகிறது என்று தெரியாமல் ராடில் கை வைக்கக் கூடாது.

டர்போவிலிருந்து இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி) வழியாக என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை முதலில் கழற்றிப் பாருங்கள். கிளாம்ப்பை ஒட்டி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் மணல் தூளும் கருமையாகப் படிந்திருந்தால், காற்று அங்கேதான் கசிகிறது. பெரும்பாலான பழைய வண்டிகளில் ஆக்சுவேட்டருக்கான அழுத்தம் டர்போவிலிருந்து காற்று வெளிவரும் வாயிலேயே எடுக்கப்படுவதால், ஹோஸில் கசிவு இருக்கும்போது ராடைக் குட்டையாக்கினால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று, கூடுதல் காற்றையும் அந்த ஓட்டை வழியாகவே வெளியேற்றும். பிறகு ஒரு நாள் புது ஹோஸ் மாட்டியவுடன் அழுத்தம் அளவு மீறி எகிறி, என்ஜினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கே உலை வைக்கும். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் டர்போ, விளையாட்டில்லை.

உங்கள் ஊரில் இன்னொன்றையும் நான் சந்தேகிப்பேன். இரு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில் உப்புக்காற்று ராடின் முனையையும் வேஸ்ட்கேட்டின் அச்சையும் துருப்பிடிக்க வைக்கும். வேஸ்ட்கேட் பாதி திறந்த நிலையில் இறுகிவிட்டால் பூஸ்ட் ஏறவே ஏறாது. என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பின், கேஜ் (அழுத்தமானி) பொருத்திய கைப்பம்ப்பை ஆக்சுவேட்டரில் மாட்டி அழுத்தம் கொடுங்கள்: தயாரிப்பாளர் சொன்ன அளவில் ராடு நகரத் தொடங்க வேண்டும், கையை எடுத்ததும் முள் இறங்காமல் நிற்க வேண்டும், அழுத்தத்தை விட்டதும் ராடு தடையின்றித் திரும்ப வேண்டும். அங்கே சாதாரண கிரீஸ் தடவ விடாதீர்கள். வெப்பத்தில் கருகி முன்னிலும் மோசமாக இறுகும். தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போவதானால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள், மணலே பாதியை அடைத்திருக்கக்கூடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை நீடித்தால் மட்டும், என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் கேஜ் பொருத்தி, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் அளக்க வேண்டும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்ப்பவர்கள் எப்போதும் உண்டு என்பதால் சோதனையை அங்கே வைத்துக்கொள்ளாமல், உச்சிப்புளிப் பக்கம் நெரிசல் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். கேஜைப் பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். கையேட்டில் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 1.8 பார் என்று போட்டிருந்தால், கேஜில் 0.8 பார், அதாவது சுமார் 11.6 பிஎஸ்ஐ தான் காட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கெட்டுப்போன என்ஜின்கள் உண்டு.

அளவு உண்மையிலேயே குறைவாக இருந்தால், ராடின் நீளத்தைப் பூட்டி வைக்கும் லாக் நட்டின் பழைய இடத்தில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு, ஒரு முறைக்கு அரைச் சுற்று மட்டும் திருகி, ஒவ்வொரு முறையும் ஓட்டி அளந்து, கையேட்டு அளவை எட்டியதும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் காற்றைக் கூட்டினாலும் டீசலைக் கூட்டாமல் இழுவை பெரிதாக ஏறாது. டீசலையும் கூட்டினால் புகைபோக்கியின் வெப்பம் ஏறி, டர்போவும் பிஸ்டனும் சேர்ந்தே போகும்.