இடுப்பளவு புல் நிற்க, மாடு ஏன் ஒட்டிய வயிற்றோடு வருகிறது?

கேள்வி: எங்கள் பட்டி மட்டக்களப்பு மாதவணைப் பக்கம் மேய்கிறது. மாரி பெய்து புல் இடுப்பளவு நிற்கிறது. ஆனால் பசுக்கள் அதை விட்டுவிட்டு, குளத்தோரத்தில் தரையோடு கிடக்கும் அறுகையே திரும்பத் திரும்பக் கறும்புகின்றன. பாலும் குறைந்துவிட்டது. எருமைகளுக்கோ ஒரு குறையும் இல்லை. பசுக்களுக்கு ஏதும் நோயா? - வாசகர், கிரான்

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் புல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாளைக் காலை ஒரு பசுவுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் நாக்கை நீட்டி ஒரு கொத்துப் புல்லை வளைத்து இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துத் தலையை ஆட்டிப் பிய்க்கும். ஒரு நாளில் 36,000 கடிக்கு மேல் போவது அரிது. 300 கிலோ பசுவுக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், 7 கிலோ அளவு தீனி வேண்டும். ஒரு கடிக்கு 0.2 கிராம்கூட வராவிட்டால் நாள் முழுக்க மேய்ந்தும் வயிறு நிறையாது.

உங்கள் தரையில் இரண்டு பக்கமும் இடி. உயரமாக நிற்கும் கினிப்புல் பூத்துவிட்டால் தண்டு தடித்து, இலை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும், மாடு தண்டை ஒதுக்கி இலையைத் தேடிக் கொய்வதிலேயே நேரம் போய்விடும், ஒரு வாய்க்கு நாலு இலைதான் கிடைக்கும். அறுகு மேயமேயக் குருத்து விடுவதால் மென்மையாக இருக்கும், மாடும் அங்கேயே வரும், ஆனால் அது விரலளவுகூட வளராததால் நாக்கில் சுற்ற ஒன்றும் அகப்படாது. முற்றிய புல்லில் இன்னொரு தொல்லை: புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கே தீனி போதாது, தின்றது அங்கேயே தேங்கும், மாடும் அடுத்த வாய்க்குத் தலை குனியாது. எருமை முற்றின புல்லையும் அவ்வளவாகப் பொறுக்காமல் தின்னும், முரட்டு நாரையும் பசுவைவிட நன்றாகச் செரிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? முற்றின இடத்தில் எருமைகளை முதலில் விடுங்கள், அல்லது முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், ஈரம் இருக்கும்போதே தளிர் வந்துவிடும். பசுக்கள் அந்தத் தளிரை மேயும் நாட்களில் அறுகும் கொஞ்சம் மூச்சு விடும். இலுக்குப் புல்லுக்குத் தீ வைத்தாலும் குருத்து வரும்தான், ஆனால் மழை தள்ளிப்போனால் நிலம் வெறுமையாகக் கிடக்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை. மேய்ச்சல்தரைக்காகப் பட்டிக்காரர் இவ்வளவு காலம் குரல் கொடுக்க வேண்டியிருக்கும் ஊரில், இருக்கிற தரையை எரிக்க மனம் வரவில்லை. வெள்ளாமை வெட்டின வயலில் தாள் மேய விடும் நாட்களில் மாலையில் கொஞ்சம் கிளிரிசீடியா மரத்துக் குழையும் வெட்டிப் போடுங்கள், தாளில் இல்லாத புரதம் அதில் இருக்கிறது.

அப்புறம், நேரம். வெயில் ஏறினால் மாடு மர நிழலைத் தேடும், நன்றாக மேய்வது விடியலிலும் பொழுது சாயும்போதும்தான். பால் கறந்துவிட்டு எட்டு, ஒன்பது மணிக்குப் பட்டியைத் திறந்தால் நல்ல மேய்ச்சல் நேரம் போய்விடும். மாலையில் திரும்பி வரும்போது இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியைப் பாருங்கள். அது நிரம்பியிருந்தால் தரை போதும். இதெல்லாம் செய்தும் பத்து நாளில் குழி நிரம்பவில்லையென்றால் மிருக வைத்தியரைக் கூப்பிட்டுப் வயிற்றுப் பூச்சிக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.