மேட்டில் இழுக்காத வண்டி: கியர்பாக்ஸ்தானா?

வணக்கம் சார். மேட்டில் மூன்றாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் 4000-க்கு ஓடுகிறது, வேகம் 40-லேயே நிற்கிறது, மெக்கானிக் கியர்பாக்ஸை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மேனுவல் கியர்பாக்ஸ் பல்லோடு பல் கோத்து ஓடுவது, அது வழுக்காது. கெட்டால் சத்தம் போடும், கியர் விழாது, இல்லையென்றால் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும். எனக்குச் சந்தேகம், எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கிளட்ச் மேல்தான்.

காலியான சாலையில் நாலாம் கியரில் 40-ல் போய், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பாருங்கள். முள் மட்டும் சட்டென்று எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். ஒரு தடவை போதும், மிச்சமிருக்கிற கிளட்ச் தட்டையும் எரித்துவிடாதீர்கள்.

முள்ளும் ஏறாமல் திணறினால் கதை வேறு. என் டீசல் வண்டியில் ஃபில்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல்! சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் வாய் பிளக்கும்.

கிளட்ச்தான் வழுக்குகிறது, அதுவும் கேபிளில் இயங்கும் கிளட்ச் என்றால், முதலில் பெடலில் ஃப்ரீ ப்ளே, அதாவது மிதித்தவுடன் பிடிக்காமல் சும்மா இறங்கும் கொஞ்ச தூரம், இருக்கிறதா பாருங்கள். சில சமயம் அதைச் சரிசெய்தாலே போதும். கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அப்புறம், பழைய தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை விட்டால் புதுத் தட்டும் நனைந்துவிடும்.