வெளிநாட்டு வாழைக்கன்றைக் கழுவிக் கொண்டுவந்தால் போதுமா?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் தோட்டத்தில் அருமையான வாழை ரகம் ஒன்று உள்ளது. அதன் பக்கக்கன்று ஒன்றை, மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, பெட்டியில் வைத்துக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். கன்றில் நோய் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு கன்றால் என்ன கேடு வந்துவிடப்போகிறது?

பதில்: தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஒரு நாட்டில் இன்னும் நுழையாத, அல்லது நுழைந்தும் பரவலாகாமல் அரசுக் கட்டுப்பாட்டில் இருக்கிற, பரவினால் பயிருக்குப் பெருத்த இழப்பு ஏற்படுத்தக்கூடிய பூச்சியையும் நோய்க்கிருமியையுமே குவாரண்டைன் பட்டியலில் வைக்கிறார்கள். அவை நாடுவிட்டு நாடு செல்வதற்கு வாழைக்கன்றைப் போன்ற வசதியான வாகனம் வேறில்லை.

கழுவினால் மண்தான் போகும். பனாமா வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை வேர் வழியாகப் புகுந்து, கிழங்கிலும் தண்டிலும் நீர் ஏறும் குழாய்களுக்குள் குடியிருக்கிறது. நோய் முற்றிய மரத்தின் தண்டை வெட்டினால் அந்தக் குழாய்கள் செம்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். அடியிலைகள் மஞ்சளாகிக் காம்பொடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். ஆனால் அதே மரத்தின் பக்கக்கன்று எந்த அடையாளமும் இல்லாமல் பசுமையாக நிற்கக்கூடும் என்பதால், உங்கள் கண்ணுக்கு நோய் தெரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மண்ணில் இறங்கிய பூஞ்சை தடித்த உறையுள்ள வித்துகளாகப் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அதை நிலத்திலிருந்து அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதன் ஒரு வகை, ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற குரோ மிஷேல் ரகத்தை 1950-களில் மத்திய அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து விரட்டியது. அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷ் ரகத்தை இப்போது அதே பூஞ்சையின் டி.ஆர்.4 என்னும் வகை தாக்குகிறது. 2019-இல் அது கொலம்பியாவையும் எட்டிவிட்டது.

இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும் முடிக்கொத்து நோயும் இப்படிப்பட்டதுதான். இதை உண்டாக்கும் வைரஸ் 1913 வாக்கில் ஃபிஜியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கன்றுகள் மூலம் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. 1920-களின் நடுவில் அங்குள்ள வாழைத் தோட்டங்கள் பெருமளவில் அழிந்துபோயின. கன்றிலிருந்து அடுத்த மரத்துக்கு அதைக் கொண்டுசேர்ப்பது வாழை அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறுபூச்சி. நூற்புழுக்களும் கூன்வண்டின் புழுக்களும் கிழங்குக்குள்ளேயே பயணம் செய்யும்.

ரகத்தின்மீது உங்களுக்குள்ள ஆசை நியாயமானது; அதற்கு வழியும் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் உள்ள சர்வதேச வாழை மரபணு வங்கி, 1,500-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதனைக் குழாயில் பாதுகாத்து, வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளை ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்புகிறது. எனவே நீங்கள் விரும்பும் ரகம் உங்கள் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் நாட்டுத் தாவரப் பாதுகாப்புத் துறையிடம் இறக்குமதி அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள். அனுமதி கிடைத்தாலும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும், வந்தபின் தனியிடத்தில் வளர்த்துக் கண்காணிக்கும் காலமும் தேவைப்படலாம். பல நாடுகளில் தனிநபர் கன்று கொண்டுவருவதற்கே தடை உண்டு.

ஒருவேளை கன்று ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், அதை நடாதீர்கள், குப்பைக்குழியிலும் போடாதீர்கள். இரட்டைப் பையில் இறுகக் கட்டி அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். உறவினரின் தோட்டத்தில் நடந்த காலணியை அங்கேயே மண் போகத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.