சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம்?

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊராட்சி நகரத்தை ஒட்டியது. மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் முள் மண்டிக் கிடந்தது, பையன்கள் ஒரு மூலையை வெட்டிச் சுத்தம் செய்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். இப்போது அங்கே சமுதாயக் கூடம் கட்ட ஊராட்சி தீர்மானம் போட்டிருக்கிறது. எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் கூடம் வரட்டும் என்கிறார்கள், மண்டப வாடகை அப்படி. கிராம சபையில் எழுந்து பேசினேன். "சும்மா கிடக்கிற இடம்தானே சார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். வந்தவர்களில் முக்கால்வாசி முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்தவர்கள். தீர்மானம் என்னவென்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டார்கள். குடவோலை கண்ட தமிழனுக்கு இந்த நிலையா? தேர்தலில் நிற்பவர்களுக்குப் பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கினால் என்ன? நான் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறேனா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டா?

முரளி

அன்புள்ள முரளி,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் பக்கத்து ஊராட்சி ஒன்றில் பூட்டிக் கிடக்கும் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கதவில் பெரிய பூட்டு, அதன் சாவித் துவாரத்தில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. சாவி யாரிடம் என்று எதிரில் டீக்கடையில் கேட்டேன். "பழைய தலைவர்கிட்ட இருக்கும்" என்றார் ஒருவர். இல்லை, ஊராட்சிச் செயலர் வாங்கிவிட்டார் என்றார் இன்னொருவர், அந்தச் செயலர் மாறுதலில் போய் ரொம்ப நாள் ஆயிற்று என்றார் மூன்றாமவர். அந்தச் சாவியை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் சமுதாயக் கூடம் வந்தது.

முதலில் சிலவற்றைத் தள்ளிவிடுகிறேன். பட்டப்படிப்பு யோசனை வேண்டாம். ஹரியானா 2015-ல் படிப்புத் தகுதி வைத்தது, உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு அது செல்லும் என்றது. தேர்தலில் நிற்கும் உரிமையை அதனால் இழந்தவர்களில் பெண்களும் தலித்துகளும்தான் அதிகம். ராஜஸ்தான் அதே மாதிரி கொண்டுவந்துவிட்டு 2019-ல் எடுத்தே விட்டது. பூங்காவில் கட்டடம் கட்டத் தீர்மானம் எழுதிக் கொடுப்பவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான் தம்பி.

அப்புறம் அந்த மனு கொடுக்க வந்தவர்கள். இந்த இடத்தில் உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபை செல்லுபடியாக 200 பேர் வர வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் கணக்கு நிறைந்ததே அவர்களால்தான். முட்டி வலியோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மரத்தடியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மனைப்பிரிவிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூட்டம். ஆறில் மூன்று தேசிய விடுமுறை, மே 1-ம் விடுமுறைதான். நாம் அன்றைக்குத் தூங்கி எழுந்து டிவி பார்க்கிறோம்.

குடவோலைக்கு வருவோம். உத்திரமேரூர் சபை பிராமண ஊரின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள ஆண்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். நீங்களும் நானும் அங்கே வெளியே நின்றிருப்போம். ஆனால் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் பெருமை பேசுகிறவர்கள் படிக்காமல் தாண்டிப்போகும் விதி ஒன்று உண்டு: வாரியம் என்கிற சபைக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. இந்த ஒரு வரிக்காக வேண்டுமானால் பெருமைப்படுங்கள்.

கணக்கு என்றதும் எங்கள் ஊர் டிவி அறைதான் ஞாபகம் வருகிறது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பஞ்சாயத்து ஒரு டிவி வாங்கி, ஆள் உயரத்துக்குச் சின்னதாக ஒரு சிமெண்ட் அறை கட்டி, இரும்புக் கதவு போட்டு உள்ளே வைத்தது. டேங்க் ஆபரேட்டராக இருந்த எங்கள் சித்தப்பாவிடம் சாவி. தண்ணீர் திறந்துவிட்டு, சைக்கிளில் வந்து, ஏழு மணிக்குக் கதவைத் திறப்பார். மழை பெய்தால் ஒயரில் ஷாக் அடிக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். பியூஸ் போனால் தன் காசில் கம்பி வாங்குவார். இதற்கெல்லாம் அவருக்குத் தனியாக ஒரு பைசா கிடையாது, தண்ணீர் விடுகிற சம்பளமே மாசாமாசம் வராது. சித்தி ஒருநாள் "ஊருக்கு டிவி போட்டுக்கிட்டே இருங்க, வீட்ல லைட்டு எரியல" என்று சத்தம் போட்டது தெருவுக்கே கேட்டது. அவர் ஓய்வுபெற்ற மறுமாதமே அறை பூட்டப்பட்டது. டிவி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த தலைவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்திலேயே புதிதாக ஒரு நிழற்குடை கட்டினார்.

இதைத்தான் முரளி நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கட்டப் பணம் வரும், கூட்டிப் பெருக்கப் பணம் வராது. 2006-ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது, ஊராட்சிக்கு 20 லட்சம், ஊருக்கு ஊர் நூலகம். நல்ல யோசனை, நான் மனதாரப் பாராட்டியவன். எத்தனை ஊரில் அது இன்றைக்குத் திறந்திருக்கிறது, எத்தனை ஊரில் ரேஷன் சாக்கு அடுக்கியிருக்கிறது என்று நீங்களே பக்கத்து ஊர்களில் போய்ப் பாருங்கள். பிறகு அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம். கட்சி மாறினாலும் பூட்டு மாறவில்லை. இது வெறும் அலட்சியம் இல்லை, பணம் வருகிற விதமே அப்படி. மத்தியில் அமைத்த பதினைந்தாவது நிதிக்குழு 2021-26-க்கு ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக் கூடாது என்றது. அதாவது அந்தப் பணத்தில் சுவர் எழுப்பலாம், சுவரைக் காக்க ஒரு ஆளை வைக்க முடியாது. ஆளுக்குச் சம்பளம் வீட்டு வரியிலிருந்தும் மாநில நிதிக்குழு மானியத்திலிருந்தும் வர வேண்டும். வீட்டு வரியை உயர்த்தத் தலைவருக்கு மனசு வராது, உயர்த்தினால் நமக்கும் பொறுக்காது. மானியத்தில் கரண்ட் பில் கட்டி, மோட்டார் ரிப்பேர் பார்த்து, தூய்மைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பெட்டியில் என்ன இருக்கும்? ஆனாலும் கட்டடம் வேண்டும், ஏனென்றால் கட்டடத்தில்தான் ஒப்பந்தக்காரர் இருக்கிறார், கல்வெட்டு இருக்கிறது. பெருக்குவதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

அதனால் அடுத்த கூட்டத்தில் எழுந்து "பூங்காவை அழிக்காதே" என்று கத்தாதீர்கள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கத்தைப் படிவம் 30-ல் எழுதிக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். அதன் முன்னால் நின்று, கூடத்துக்குக் காவலர் யார், சம்பளம் எந்தத் தலைப்பில், கழிவறை கழுவுவது யார், கரண்ட் பில் மாதம் எவ்வளவு, வாடகை வசூலித்தால் எந்தக் கணக்கில் சேரும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மனு கொடுக்க வந்த பாட்டிக்கும் இந்தக் கேள்வி புரியும், உங்களையும் என்னையும்விட நன்றாகவே புரியும். கூடம் வேண்டும் என்கிற அந்தப் பாதித் தெருவுக்கும் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். அவர்கள் ஆசையில் தப்பில்லை, ஏழை வீட்டுக் காதுகுத்துக்கு இடம் வேண்டும்தான். அது அந்தப் பூங்காவிலேயே வேண்டுமா என்பதுதான் வழக்கு.

சட்டம் கேட்டிருந்தீர்கள், அது பாதி மறந்தே போனது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வரும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-லேயே செல்லாது என்று சொல்லியிருக்கிறது, அங்கேயும் வழக்கை நடத்தியது அந்தப் பகுதிவாசிகள்தான். உங்கள் ஊரில் கட்டப்போவது தனியார் இல்லை, ஊராட்சியே. அதனால் ஊராட்சித் தரப்பு பொதுநலம் என்று வாதாடும். அதற்குத் தயாராக இருங்கள். அங்கீகரித்த வரைபட நகலும் தானப் பத்திர நகலும் வாங்கிக்கொண்டு, முதலில் ஆட்சியரிடம் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலிடம் அதற்கப்புறம் போகலாம், வெறுங்கையோடு போனால் அவரும் இதையேதான் கேட்பார்.

அந்தப் பையன்களையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினெட்டு நிரம்பியவர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தால் அவர்களும் சபை உறுப்பினர்கள்தான், கையெழுத்துப் போடும் முன் மேலே எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்.