ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி எதற்கு மாத்திரை?

என் கணவருக்கு 52 வயது. மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். "அடைப்பைத்தான் எடுத்துட்டாங்களே, இனி எதுக்கு இத்தனை மாத்திரை? வயிறு எரியுது" என்கிறார். என் கொழுந்தனார் பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் எல்லாம் காய்ச்சி ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். குடித்தால் அடைப்பு கரையுமாம். பயத்தில் வாசலைத் தாண்டி நடக்கவும் மறுக்கிறார். நாங்கள் பழையபடி இருக்கலாமா என்றும் தெரியவில்லை.
- ஒரு வாசகி, கோவில்பட்டி

அம்மா, எனக்கும் ஒன்பது வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். நான்காம் மாதம் கடைவாய்ப் பல்லை எடுக்கப் போனேன். "ரத்தம் நிக்காது, அந்த ரெண்டு மாத்திரையையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றார்கள். நானே மருத்துவன், ஆனாலும் வலியில் சரியென்று தலையாட்டிவிட்டேன். அன்றிரவு மாத்திரை டப்பாவைப் பார்த்த என் மனைவிதான் இதய டாக்டருக்கு போன் போட வைத்தாள். "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்றார் அவர். மாத்திரை போட்டுக்கொண்டேதான் பல்லை எடுத்தேன். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருந்தேன், ரத்தம் நின்றுவிட்டது.

ஸ்டென்ட் என்பது கம்பி வலை. அதன்மேல் ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை, ரத்தத்தின் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். உறைந்தால் நிமிஷத்தில் குழாய் அடைபடும், உயிரே போகலாம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரலோ டிகாக்ரெலரோ தருகிறோம். மாரடைப்புக்குப் பிறகு இரண்டும் பொதுவாக ஓராண்டு. அதன்பின் பெரும்பாலும் ஒன்று மட்டும் தொடரும். எதை, எப்போது நிறுத்துவது என்று அவருடைய இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் டாக்டரோ சொந்தக்காரரோ அல்ல. வயிற்று எரிச்சலைச் சொன்னால் அதற்கும் மாத்திரை தருவார். மூட்டுவலி, முதுகுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம்.

ஸ்டென்ட் திறந்துவிட்டது ஓர் இடத்தை மட்டும்தான். மற்ற இடங்களில் படிந்த கொழுப்பு அப்படியே இருக்கிறது. இரவில் போடும் ஸ்டாட்டின் மாத்திரை அதற்காக. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொழுப்பு என்ற வரியைப் பாருங்கள். 70-க்குக் கீழே வந்தாக வேண்டும். 55-க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

கொழுந்தனாரின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கஷாயம் அடைப்பைக் கரைக்காது. எரிகிற வயிற்றில் இன்னும் புளிப்பைத்தான் ஊற்றும். பூண்டை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளோடு சேர்ந்து ரத்தக்கசிவும் கூடலாம். பாட்டிலை மூடி வைத்துவிட்டு ரசத்தில் நாலு பல் பூண்டு தட்டிப் போடுங்கள்.

நடக்கப் பயம் என்கிறீர்களே, அது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் தெருமுனை வரை போவதற்குள் பத்துத் தடவை நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். முதல் வாரம் நீங்களும் கூடப் போங்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சமதரையில் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம். வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போய் அரை மணி, முக்கால் மணி வரை நடக்கலாம். நடந்துகொண்டே உங்களோடு பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திணறினால் குறைக்க வேண்டும். சாப்பிட்ட கையோடும் உச்சி வெயிலிலும் நடை கூடாது. நெஞ்சை அழுத்தினால் அங்கேயே உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த நாக்கடி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கட்டும். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. பைக்கை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக் கூடாது.

சாப்பாட்டில் எனக்குப் பெரிய கவலை உப்புதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு வந்தாலே கணக்கு உடையும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றலாம், அளவாக. உங்கள் ஊர்க் கடலை மிட்டாய், சர்க்கரை நோய் இல்லையென்றால் எப்போதாவது ஒரு துண்டு.

அவர் புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவரென்றால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அது நிற்க வேண்டும்.

கடைசி வரியை அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாடிப் படியை நெஞ்சு வலிக்காமல், மூச்சு முட்டாமல் ஏறினால் பொதுவாகத் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. ஆனால் சில்டெனாபில் போன்ற ஆண்மைக்கான மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நாக்கடி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.

அப்பாவுக்கு பைபாஸ் ஆகி இருபது நாள். பேத்தியைத் தூக்க வேண்டும் என்கிறார், விடாவிட்டால் அழுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பைபாஸுக்காகப் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை குழந்தையையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கக் கூடாது, ஸ்கூட்டரும் வேண்டாம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பேத்தியை நீங்கள் மடியில் வையுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். இந்த அழுகையைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், பிடிவாதம் என்று அதட்டாதீர்கள். தூக்கமும் பசியும் இல்லாமல் இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோ, காயத்தில் நீர்க்கசிவோ, எலும்பில் 'டக்'கென்ற சத்தமோ இருந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.