இடைக்கால வீரன் நம் காலத்துக்கு வந்துவிடும் பிரெஞ்சு காமெடிப் படம் எது? அதில் அப்படி என்ன சிரிப்பு?

நீங்கள் கேட்பது 1993இல் வந்த ‘லே விசித்தேர்’. 1123இல் வாழும் பிரபு கோத்ஃப்ருவா (ழான் ரெனோ), சூனியக்காரி செய்த மாயத்தில் காதலியின் அப்பாவையே கரடி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறான். அதைச் சரிசெய்யக் காலத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மந்திரவாதிக் கிழவரோ மருந்தில் காடை முட்டை சேர்க்க மறந்துவிடுகிறார்! வேலைக்காரனோடு இருபதாம் நூற்றாண்டில் வந்து விழுகிறான். மஞ்சள் தபால் வண்டியைக் கண்டதும் ஏதோ பூதம் என்று அடித்து நொறுக்குவார்கள் பாருங்கள், அது ஒன்றே போதும்.

எனக்குப் பிடித்த குத்தல் வேறு: பிரபுவின் கோட்டை இப்போது ஹோட்டல், முதலாளி அந்த வேலைக்காரனின் வம்சம். இரண்டு வேடமும் கிறிஸ்டியன் கிளாவியேதான். பிரான்சில் மட்டும் 1.3 கோடிக்கு மேல் டிக்கெட் போனது. அப்புறம், அதே ஜோடி நடித்த 2001 ஹாலிவுட் ரீமேக் எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.