கண்ணை மட்டும் விட்டுட்டு…

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். வயது 38. சென்னையில் வங்கி வேலை. சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தபோது சாமி புறப்பாட்டில் போட்ட அதிர்வேட்டு ஒன்று எனக்கு இரண்டடி தள்ளி வெடித்தது. வலது காது ஜவ்வு கிழிந்துவிட்டது. ஏழு வாரம் ஆகிறது. ஓட்டை அநேகமாக மூடிவிட்டது என்கிறார் டாக்டர். காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

அமைதியாக இருந்தால் சரியாகும் என்று லீவு போட்டுவிட்டு, பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன். இங்கே இரவில் பல மடங்காகக் கேட்கிறது. ஆத்தா பூண்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் ஊற்றினார்கள். ராத்திரி தூக்கம் வராமல் நெட்டில் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை சாப்பிடலாமா? இது யோகிகளுக்குக் கேட்கும் நாதம், பாக்கியம் என்கிறார் ஒரு நண்பர். சின்னச் சத்தமும் ஊசி குத்துவதுபோல இருக்கிறது. பகலிலும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் பையன் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டதற்கு அவனை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டேன். எட்டு வயது.

கோயில் வேட்டுகளைக் கண்டித்து நீங்கள் எழுத வேண்டும். உங்களுக்கும் காது இரைச்சல் உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். இது போகுமா ஐயா? நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் பூண்டு எண்ணெய். கிழிந்த காதில் எண்ணெய் ஊற்றலாமா? ஆத்தாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் காலத்து வைத்தியம் அது. பேங்கில் வேலை பார்க்கிற நீங்கள் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு படுத்திருந்தீர்களே, உங்களைத்தான் சொல்ல வேண்டும். அந்த ஜவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலும் சில வாரத்தில், அல்லது சில மாதத்தில், தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை உள்ளே எதையும் விடாமல் இருந்தால் போதும். முழுக்க மூடிவிட்டது என்று டாக்டர் சொல்கிறவரை, தலைக்குக் குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லைன் தடவிக் காதை அடைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது மட்டும். நாள் முழுக்க அடைத்துக்கொண்டு திரிந்தால் காதுக்கூச்சம் இன்னும் கூடும்.

ஜிங்கோ வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2014-இல் காது இரைச்சலுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நாதம் விஷயத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வெடிக்குப் பக்கத்தில் நின்றவனுக்கெல்லாம் யோகம் சித்திக்கும் என்றால் சிவகாசியில் தெருவுக்கு நாலு சித்தர் இருக்க வேண்டும். வேட்டுக்கு எதிராக எழுதுவதும் இன்னொரு நாள். வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பட்டாசுக்கு விதி இருக்கிறது. நீங்கள் நின்றது இரண்டடியில்.

வீட்டுக்கு வருகிறேன். அமைதி தேடிப் போய் நம் பக்கத்துப் பெரிய வீட்டுக்குள் படுத்தீர்கள் பாருங்கள், செய்யக்கூடாதது அதுதான். முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டால் தெருவில் லாரி போவதுகூடத் தெரியாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசிய சுவர்கள், தடிமனும் அப்படி. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்று இரண்டு பேர், காதில் குறை எதுவும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேர் வீதம் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாக எழுதினார்கள். நல்ல காதுக்கே அப்படி. உங்களுடையது அடிபட்ட காது.

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் உண்டு. அதில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். வருகிற அதிர்வை வாங்கி நரம்புக்குக் கைமாற்றுகிற இடம் அது. பெரிய வெடியில் சில மடங்கிப்போகும், சில செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. வட்டித் தொழில் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை: முதலே கரைந்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து செய்தி குறைந்ததும் மூளை சும்மா இருப்பதில்லை. ஆளில்லாத வீட்டுக் காவல்காரரைப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பேர் புழங்குகிற வீட்டில் கதவைத் தட்டினால்கூட எழுந்திருக்க மாட்டார். பூட்டிய வீட்டில் அணில் ஓடினாலும் "யாரது?" என்று குரல் கொடுப்பார். உங்களுக்குக் கேட்பது அந்த "யாரது". ஜவ்வு மூடியும் அது நிற்கவில்லையே என்று பதறாதீர்கள். ஜவ்வு வாசல், இவர் உள்ளே இருக்கிறவர்.

போகுமா என்றால், ஏழு வாரம் கொஞ்ச நாள்தான். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. சிலருக்குச் சத்தம் அப்படியே இருக்கும், கவனம் மட்டும் அதை விட்டு விலகிவிடும். நான் இரண்டாவது வகை. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடுங்கள். கேட்பது குறைந்திருந்தால் காது மெஷினே பலருக்கு இரைச்சலை அமுக்குகிறது. தலைசுற்றல், சீழ், கேட்பது திடீரென்று இன்னும் மந்தமாவது, நாடியோடு சேர்ந்து அடிக்கிற சத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நெட்டில் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சரியாகிப் போனவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அங்கே வந்து எழுத மாட்டார்கள்.

சரி, அந்த எவர்சில்வர் தட்டு. உங்கள் கடிதம் முழுக்கக் காதுதான், பையனுக்கு இரண்டு வரி. ஓங்கி ஓர் அறை என்று எழுதிவிட்டு அடுத்து வேட்டைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். காதைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்ட ஒருவர் எப்படித் தம்பி ஒரு பிள்ளையின் காதுப் பக்கம் கையை ஓங்க முடிகிறது? கோபம் வருவது எனக்குத் தெரியும். அடிபட்ட காதுக்குத் தட்டுச் சத்தம் எப்படி இறங்கும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அறையும்போது உள்ளங்கை குழிந்து காதின் மேல் மூடுகிறது. காதுக்குழாய் ஓர் அங்குல நீளம். அதற்குள் இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் நேராக ஜவ்வின் மேல் பாய்கிறது. உங்களுக்கு வேட்டு செய்ததைத்தான் சின்ன அளவில் கை செய்கிறது. காது டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள், அறை வாங்கிக் கிழிந்த ஜவ்வு பெரும்பாலும் இடது பக்கம்தான் என்பார்கள். அடிக்கிறவர் வலக்கைக்காரர், எதிரே நிற்கிறார்.

எனக்கும் இடதுதான். 1971 ஆகஸ்ட் கடைசி, ஏழாம் வகுப்பு. ஓவலில் இந்தியா இங்கிலாந்தை ஜெயித்த வாரம். சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். போலியோ வந்த கையாலேயே பந்து போடுகிறாராம்டா என்று பக்கத்துப் பையனுக்கு மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே தமிழ் ஐயா. அறை விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கொய்ங். ஐயாவின் வாய் அசைகிறது, வகுப்பு சிரிக்கிறது, ஒரு பக்கம் பஞ்சடைத்தது போல இருக்கிறது. மறுநாள் காலையில் தலையணை உறையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

அப்பச்சியிடம், எங்கள் வழக்கில் அப்பாவிடம், போய்ச் சொன்னேன். "ஐயா சும்மா அடிப்பாரா? நீ என்ன செஞ்சே?" என்று கேட்டுவிட்டுப் பேரேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கு அவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க ஐயா."

இந்த வாக்கியத்தைச் சொல்லாத அப்பா அந்தக் காலத்தில் உண்டா? எத்தனை யோசித்துச் சொன்ன வாக்கியம் பாருங்கள். கண்ணுக்கு விலக்கு வாங்கிக்கொடுத்தார்கள், காதுக்கு வாங்கவில்லை. கண் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். காது போனால் என்ன தெரியும்? பையன் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று தெரியும். அதற்கு இன்னும் இரண்டு விழும்.

தமிழுக்கு இது தெரியாமல் இல்லை. நம் பக்கத்தில் "கன்னத்துல அறைவேன்" என்றா சொல்கிறோம்? "செவிட்டுல ஒண்ணு விட்டேன்னா" என்கிறோம். செவி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சினிமாவில் காமெடி நடிகர் அறை வாங்கியதும் பின்னணியில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் போடுகிறார்கள், கொட்டகையே சிரிக்கிறது. அந்தச் சத்தத்தைச் சேர்த்தவருக்குத் தெரியும், சிரிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அறைந்தால் எங்கே அடிபடும் என்று. படத்தில் மூன்று விநாடியில் நின்றுவிடுகிறது. எனக்கு ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அது வீட்டு வாசலோடு நின்றுவிடும். கல்யாண வீடுகளில் என் வயதுக்காரர்கள், வாத்தியார் அடித்துத்தான் நாமெல்லாம் ஆளானோம் என்று பெருமை பேசுவார்கள். நான் வலது காதை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தமிழ் ஐயா கெட்டவர் இல்லை. எனக்கு வெண்பா சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தளை தட்டினால் எந்தச் சீரில் என்று காதாலேயே பிடித்துவிடுவார்.

காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருணியில் குதித்தேன். இடது காதுக்குள் சில்லென்று இறங்கியது, உடனே எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கிழிசல் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் போனால் உள்காதில் சமநிலை பார்க்கிற குழாய்கள் குழம்பிவிடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தண்ணீருக்குள் மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கையில் சேறு தட்டுப்பட்டது. அப்படியென்றால் இது கீழ் என்று எதிர்ப்பக்கம் உந்தினேன். பிறகு மாதக்கணக்கில் சீழ்.

இரவுச் சத்தத்தை நான் சில்வண்டு என்றே நினைத்தேன். ஒரு ராத்திரி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வளவில் தூண் தூணாகத் தேடினேன். அப்பத்தா எழுந்து வந்தார்கள்.

"என்னப்பு தேடுறே?"

"சில்வண்டு அப்பத்தா. தூங்க விடமாட்டேங்குது."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "எனக்குக் கேக்கலையேப்பு." சொல்லிவிட்டு விளக்கை வாங்கி அவர்களும் தேடினார்கள். தூண் அடிக்கல், நிலை இடுக்கு, பெட்டகசாலைக் கதவுக்குப் பின்னால் என்று ஒன்று விடவில்லை. அது எனக்கு மட்டும் கேட்கிற வண்டு என்று எப்போது புரிந்துகொண்டார்களோ தெரியாது. மறுநாளிலிருந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து கொட்டான், அதாவது ஓலைக்கூடை, பின்ன ஆரம்பித்தார்கள். பனங்குருத்து ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அதைச் சின்னக் கத்தியால் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒன்றன் கீழ் ஒன்றாகச் செருகி இழுக்கும்போது 'சரக்' என்று வரும், பிறகு ஒரு நீளமான 'சர்'. பெரிய சத்தமில்லை. இரைச்சல் அதற்குள் மூழ்காது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கேட்கும். நான் ஓலையைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

இப்போது இதற்கு ஒலி சிகிச்சை என்று பெயர். இரைச்சலை முழுக்க மறைக்கிற அளவுக்குச் சத்தம் வைக்காதே, அதற்குக் கொஞ்சம் கீழே வை, மூளை பழகட்டும் என்பார்கள். பாவேல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆராய்ச்சியாளர் இந்தச் சிகிச்சைக்கு அடிப்படையான விளக்கத்தை 1990-இல் எழுதினார். எங்கள் வீட்டில் 1971-லேயே கொட்டான் நிறைந்துவிட்டது.

எப்படித் தூங்குகிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா, பழைய டேபிள் ஃபேன் ஒன்று வைத்திருக்கிறேன். காற்று என் மேல் படாமல் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவேன், அதன் சத்தம் மட்டும் போதும். கரண்ட் போனால் விழிப்பு வந்துவிடும். நீங்களும் ஏதாவது ஒன்றைச் சன்னமாக ஓடவிடுங்கள்.

பையன் எந்தக் கன்னத்தில் வாங்கினான் என்று நீங்கள் எழுதவில்லை. வலக்கைக்காரர் என்றால் இடதாகத்தான் இருக்கும். இதைப் படித்ததும் அவனைக் கூப்பிடுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவன் வலது காதருகே லேசாக உரசுங்கள், பிறகு இடது பக்கம். இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று கேளுங்கள். கொய்ங் என்று ஏதாவது கேட்கிறதா என்றும் நீங்களே கேட்டுவிடுங்கள், அவனாகச் சொல்ல மாட்டான். அப்பச்சியிடம் ஒரு தடவை சொன்ன பிறகு நானும் யாரிடமும் சொல்லவில்லை. துளி வித்தியாசம் இருந்தாலும் அவனுக்கும் ஓர் ஆடியோகிராம் எடுங்கள். அவனுடையதை முதலில் எழுதி அனுப்புங்கள், உங்களுடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.